ஒரு படிதான்

"தரைத்தளம்தாம்மா. ஒரு படிதான்" என்றார் கும்பகோணத்து விடுதிக்காரர், போனில்.

"அந்தப் படி எவ்வளவு உயரம்ணே? பக்கத்துல ஒரு ஸ்கேல் வெச்சு போட்டோ அனுப்ப முடியுமா? அப்படியே பாத்ரூம் கதவு எத்தனை இன்ச்னும் அளந்து சொல்லுங்க."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "நீங்க இன்ஜினியராம்மா?" என்றார்.

"இல்லண்ணே, வீல்சேர்."

போட்டோ வரவில்லை. நேரில் போய்ப் பார்த்தால் வாசலில் ஒரு படி, வராந்தாவில் ஏற ஒரு படி, குளியலறைக்கு இறங்க ஒரு படி. பாத்ரூம் கதவு 24 இன்ச், என் சேர் 25. அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. தினம் நூறு தடவை அந்த மூன்றையும் ஏறி இறங்குகிறவர். அவர் காலுக்கு அதெல்லாம் கணக்கிலேயே இருந்திருக்காது.

எனக்கு இரண்டு வயதில் போலியோ வந்தது. 1978-ல் பிறந்தவள், ஆகவே போலியோ சகஜமாக இருந்த தலைமுறையில் ஒருத்தி. முப்பத்தைந்து வயதுவரை காலில் மாட்டும் காலிப்பரும் ஊன்றுகோலும். தோள்பட்டை இரண்டும் தேய்ந்ததும் டாக்டர் "போதும், உட்காருங்க" என்றார், உட்கார்ந்துவிட்டேன். அப்போது வீட்டில் எல்லோரும் அழுதார்கள். எனக்கு மட்டும் ஒரு ரகசிய நிம்மதி. ஊன்றுகோலோடு நடக்கும்போது என் கண் எப்போதும் தரையில்தான் இருந்தது, அடுத்த குழி எங்கே, ஈரம் எங்கே என்று தேடிக்கொண்டு. உட்கார்ந்த பிறகுதான் ஊர்களை நிமிர்ந்து பார்க்க ஆரம்பித்தேன்.

சின்ன வயதில் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்கு அப்பா தூக்கிக்கொண்டு போவார். அந்தப் படிகளில் ஏறும்போது அவர் மூச்சு வாங்குவது என் விலாவில் தெரியும். உள்ளே போனால் கூட்டத்தின் தலைகளுக்கு மேலே எனக்கு மட்டும் லிங்கமும் கற்பூர வெளிச்சமும் முழுசாகத் தெரியும். பதின்மூன்று வயதில் "வேண்டாம்பா" என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. அப்புறம் தஞ்சாவூருக்குப் போவதே நின்றுபோனது.

இந்தத் தை மாதம், பொங்கல் கூட்டம் வடிந்த பிறகு, தங்கையும் நானும் கிளம்பினோம். கார் ஓட்டுவது அவள், வழி சொல்வது நான், சண்டை போடுவது இருவரும். டிக்கியில் மடக்கிய சேர், அதற்குமேல் எங்கள் தெருத் தச்சர் அறுத்துக் கொடுத்த இரண்டு பலகைகள், நாலரை அடி நீளம். சாய்தளத்துக்கு விதி ஒன்றுக்குப் பன்னிரண்டு: ஆறு அங்குலப் படி என்றால் ஆறு அடி நீளம் வேண்டும். ஆறு அடிப் பலகை காருக்குள் போகாது. ஆகவே எங்கள் சாய்வு கொஞ்சம் முரட்டுச் சாய்வு. தங்கை பின்னாலிருந்து "தம்" கட்டித் தள்ளுவாள், நான் சக்கரத்தை உந்துவேன், இடையில் யாராவது ஓடி வந்து உதவி என்ற பெயரில் முன்பக்கம் பிடித்து இழுப்பார்கள்.

முதலில் கங்கைகொண்ட சோழபுரம். தஞ்சாவூரை விட்டு ராஜேந்திரன் இங்கே தலைநகரை மாற்றி, சுமார் 250 வருஷம் சோழர்கள் இங்கிருந்துதான் ஆண்டார்கள். இன்று புல்வெளிக்கு நடுவே கோயில் மட்டும் தனியாக நிற்கிறது. காலையில் தண்ணீர் விட்ட புல்லில் சேரை உருட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், அது சேற்றில் சைக்கிள் தள்ளுவது மாதிரி. வடக்கு வாசல் பக்கம் சண்டேசருக்குச் சிவன் கொன்றை மாலை சுற்றிவிடும் சிற்பத்தைக் கீழிருந்து அண்ணாந்து பார்த்தேன், கழுத்து வலிக்க. குனிந்து உட்கார்ந்திருக்கும் சண்டேசரின் முகம் கீழிருந்து பார்க்கிறவர்களுக்கு நன்றாகவே தெரிகிறது.

பக்கத்தில் மாளிகைமேடு. ராஜேந்திரனின் அரண்மனை இருந்த இடம். தோண்டியெடுத்த செங்கல் அடித்தளம் தவிர ஒன்றும் மிச்சமில்லை. "இங்க யாருக்கும் மாடி கிடையாதுக்கா" என்றாள் தங்கை.

கும்பகோணத்தில்தான் நான் இந்தக் கட்டுரையை எழுத முடிவு செய்தேன். காரணம் கோயில்கள் இல்லை. ஊரின் மற்ற எல்லாம்.

பழைய ஊர்களுக்குப் போகிறேன் என்றால் எல்லோரும் ஒரே மாதிரி சொல்வார்கள்: "பழைய கட்டடமாச்சே, அந்தக் காலத்துல வீல்சேரையெல்லாம் யோசிச்சிருக்க மாட்டாங்க, என்ன பண்றது." நானும் பல வருஷம் அப்படித்தான் நம்பினேன். இந்தப் பயணத்தில் தங்கையிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, நான் எங்கெல்லாம் நின்றேனோ அதையெல்லாம் எழுதச் சொன்னேன். வாகன நிறுத்தத்தைச் சுற்றி எட்டு அங்குலச் சிமெண்டு விளிம்பு: போன வருஷம் போட்டது. பைக் நுழையாமல் இருக்க வாசலில் நட்ட இரும்புக் குழாய்கள்: பளபளவென்று பெயின்ட் காயாமல் இருந்தன. ஏடிஎம்முக்கு மூன்று படி. ஒரு பொதுக் கழிப்பறையில் அழகான சாய்தளம், கைப்பிடியோடு, மேலே போனால் பூட்டிய கதவு, சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியவில்லை. இன்னொரு சாய்தளத்தில் பைக் நிறுத்தியிருந்தார்கள். சாய்வாக இருப்பதால் ஸ்டாண்டு போட வசதியாம். மாலைக்குள் நோட்டில் பதினான்கு வரி. அதில் நூறு வருஷத்துக்கு மேல் வயதானவை மூன்றுதான்.

பழையது பல இடங்களில் என்னை விட்டுவிட்டது. கும்பேசுவரர் கோயிலில் கோபுர வாசலைத் தாண்டிவிட்டால் நீளமான மண்டபப் பாதை, இரண்டு பக்கமும் கடைகள், வளையல், பித்தளை, பொம்மை. கடைவீதியே கூரைக்குள் வந்த மாதிரி. சேரில் உட்கார்ந்தபடி கடை கடையாகப் பேரம் பேசினேன். சென்னையில் எனக்கு அது வாய்க்காத சுகம், அங்கே கடைகளெல்லாம் என் தலைக்கு மேலே இரண்டு படி ஏறி நிற்கும். மகாமகக் குளத்தில் இறங்க வழியில்லை, நாலு பக்கமும் படிக்கட்டுதான். ஆனால் சுற்றுச் சாலையில் ஒரு வட்டம் வந்தால் பதினாறு மண்டபங்களையும் எண்ணிவிடலாம். எண்ணினேன். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை நிரம்பி வழியும் இடம். 2028-ல் அடுத்தது, அப்போது என்னை அந்தப் பக்கமே யாரும் பார்க்க முடியாது.

பழைய தெருக்களில் இன்னும் சில திண்ணைகள் மிச்சமிருக்கின்றன. ஒன்றின் பக்கத்தில் சேரை நிறுத்திப் பார்த்தேன். சேரின் இருக்கையும் திண்ணையும் கிட்டத்தட்ட ஒரே மட்டம். கைப்பிடியைக் கழற்றிவிட்டு நகர்ந்தேன், யார் உதவியும் இல்லாமல் திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து வீடுகளில் திண்ணைக்குக் கம்பி வலை அடித்து செருப்பு ஸ்டாண்டு வைத்திருக்கிறார்கள். பழையதெல்லாம் அருமை என்று பாட்டுப் பாட வரவில்லை. அந்தத் திண்ணைகளும் யார் உட்காரலாம், யார் தெருவிலேயே நிற்க வேண்டும் என்று சாதி பார்த்தவைதான். மதுரை மீனாட்சி கோயிலுக்குள் தலித்துகளும் நாடார்களும் போக 1939-ல்தான் கதவு திறந்தது. அவர்களைத் தடுத்தது கல் இல்லை, ஆள். என்னுடைய படியை அதோடு நிறுத்துப் பார்க்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் "இது இப்படித்தான் இருக்கும், என்ன பண்றது" என்ற வாக்கியம் மட்டும் எங்கோ கேட்ட மாதிரி இருக்கிறது.

ஊர் பெயர் வேண்டாம், வழியில் ஒரு கோயிலில் வாசலிலேயே நிறுத்தினார்கள். தெருவில் உருண்ட சக்கரம் உள்ளே வரக் கூடாது, செருப்புப் போட்ட மாதிரி. கோயில் சேரில் மாறி உட்காருங்கள் என்றார்கள். கோயில் சேருக்கு ஒரு பக்கம் கால் வைக்கும் தகடு இல்லை, பிரேக் பிடிக்கவில்லை. என் சேர் எனக்கு அளவெடுத்துச் செய்தது, அதுதான் என் கால் என்றேன். அதற்குள் நாலு பேர் சேர்ந்துவிட்டார்கள். "தூக்கிடலாம்க்கா, ஒரு நிமிஷம்." நான் வேண்டாம் என்பதற்குள் ஒரு தம்பி கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினான். அது கழற்றி மாட்டும் கைப்பிடி. அவன் கையோடு வந்துவிட்டது, நான் ஒரு பக்கமாகச் சாய்ந்தேன், தங்கை பிடித்துக்கொண்டாள். அந்தப் பையன் முகம் செத்துப்போனது. அவனைத்தான் நாங்கள் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது. தூக்குகிறவர்களின் அன்பில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நாற்பத்தேழு வயதுப் பெண்ணை முன்பின் தெரியாத நாலு பேர் தூக்கும்போது அவள் புடவையை எங்கே பிடித்துக்கொள்வாள் என்று அந்த நாலு பேரில் ஒருவருக்கும் தோன்றுவதில்லை.

அங்கிருந்து அரை மணி நேரத்தில் இன்னொரு சின்னக் கோயில். அங்கிருந்த காவலாளி, பெரியவர், என்னைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார், உள்ளே போய் ஒரு வாளி தண்ணீர் கொண்டுவந்தார். இரண்டு சக்கரத்திலும் ஊற்றி, சேரை முன்னும் பின்னும் ஒரு சுற்று உருட்டி, மறுபடி ஊற்றினார். "கால் கழுவியாச்சு, வாங்கம்மா." அவ்வளவுதான் விஷயம். ஒரு வாளித் தண்ணீர்.

தாராசுரத்தில் வெளித்தரை உயர்ந்துகொண்டே போக, கோயில் பள்ளத்தில் நிற்கிறது. மழை பெய்தால் தண்ணீர் தேங்கும் இடம். முன்மண்டபத்தைத் தேர் மாதிரி செய்து குதிரையும் சக்கரமும் வைத்திருக்கிறார்கள். ஆரங்களோடு அந்தக் கல்சக்கரத்தைத் தங்கை போட்டோ எடுத்துவந்து காட்டி, "உன்னோடதைவிட இது நல்லா சுத்தும்போல இருக்கே" என்றாள். நான் அன்று இறங்கவில்லை. முதுகு வலி. எல்லா நாளும் வீரமாக இருக்க முடியாது. காரில் உட்கார்ந்து டிகிரி காபி குடித்தேன், அதுவும் யோசித்து, பாதி டபராதான். அடுத்த கழிப்பறை எங்கே என்று தெரியாமல் முழு டம்ளர் குடிக்கும் தைரியம் பயணத்தில் எனக்கு வந்ததே இல்லை.

தஞ்சாவூரில் அரண்மனைக் கலைக்கூடம். மணிமண்டபக் கோபுரத்தில் தங்கை மட்டும் ஏறி, மேலிருந்து வீடியோ கால் போட்டாள். பாதி நேரம் அவள் கட்டைவிரல்தான் தெரிந்தது. கீழே நான் செப்புத் திருமேனிகளோடு இருந்தேன். நடராஜரைப் பார்க்கிறவர்கள் முகத்தை, தூக்கிய காலை, ஜடையைப் பார்ப்பார்கள். உட்கார்ந்திருக்கிற என் கண்ணுக்கு நேரே வருவது முயலகன். கையில் பாம்பு, தலையை மட்டும் நிமிர்த்திக்கொண்டு. மிதிபடுகிறவன் முகமாகவே அது இல்லை. ஏதோ தெருக்கூத்து பார்க்கத் திண்ணையில் குப்புறப் படுத்திருக்கிற பையன் மாதிரி இருந்தான். ஒவ்வொரு நடராஜராகப் போய், ஒவ்வொரு முயலகனாகப் பார்த்தேன். ஒருவன்கூட இன்னொருவன் மாதிரி இல்லை.

மறுநாள் காலை பெரிய கோயில். வெயில் ஏறினால் கல் கொதிக்கும், வெறுங்காலோடு சேர் தள்ளும் தங்கைக்குத்தான் கஷ்டம். அதனால் சீக்கிரமே போய்விட்டோம். வாசல் நிலைகளில் எங்கள் பலகைக்கு வேலை வந்தது. உள்ளே, 1010-ல் கட்டி முடித்த அந்த முற்றம், பரந்து கிடக்கிறது. முன்சக்கரம் கல் இடுக்கில் மாட்டும் இடங்களில் பின்பக்கம் சாய்த்து, பெரிய சக்கரங்களில் மட்டும் ஓட்டினால் தடையில்லை. சன்னிதிக்கு ஏறும் படிகளை ஒரு தடவை பார்த்தேன். அப்பாவின் மூச்சு ஞாபகம் வந்தது. சேரைத் திருப்பிக்கொண்டு விமானத்தைச் சுற்றக் கிளம்பினோம்.

மேற்குப் பக்கம் நல்ல நிழல். அங்கே ஒரு வழிகாட்டி, ஒரு பஸ் கூட்டத்துக்கு, இந்த விமானத்தின் நிழல் தரையில் விழவே விழாது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதன் நிழலில் உட்கார்ந்துகொண்டு நானும் கேட்டேன்.

அப்புறம் அவர் எல்லோரும் சொல்லும் கதைக்கு வந்தார். 216 அடி உச்சியில் 80 டன் கல். சாரப்பள்ளம் என்ற ஊரிலிருந்து ஆறு கிலோமீட்டருக்குச் சாரம் கட்டி, யானைகளை வைத்து இழுத்து ஏற்றினார்கள். அது ஒரே கல் இல்லை, துண்டுகளாகச் சேர்த்தது என்று ஆய்வாளர்கள் சொல்வார்கள், கதை கதைதான். ஆனாலும் என் புத்தி போகும் வழியில்தானே போகும்? போனில் கணக்குப் போட்டேன். ஆறு கிலோமீட்டர் நீளம், 216 அடி உயரம். ஒன்றுக்குத் தொண்ணூறு! சட்டம் கேட்பதைவிட ஏழு மடங்கு மென்மையான சாய்வு. தங்கையிடம் காட்டினேன். "கல்லுக்குக் கட்டியிருக்காங்க, பாரு."

சட்டம் இருக்கிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் அதன் விதிகளும் வந்தபோது, பழைய பொதுக் கட்டடங்களைச் சரிசெய்ய ஐந்து வருஷம் கெடு வைத்தார்கள். அது முடிந்துவிட்டது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், வசதி அளவுகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. இன்னொரு பக்கம் 1958-ன் தொல்சின்னச் சட்டம், பாதுகாக்கப்பட்ட இடத்தில் கண்டபடி கை வைக்க விடாது. அதுவும் சரிதான். பெரிய கோயில் படியை உடைத்துச் சிமெண்டு பூசு என்று சொன்னால் தடுக்கிற முதல் ஆளாக நான் இருப்பேன். ஏதென்ஸில் அக்ரோபோலிஸ் குன்றுக்கு 2020 டிசம்பரில் புது லிஃப்ட் வைத்தார்கள், மேலே கான்கிரீட் பாதையும் போட்டார்கள். பாதையை எதிர்த்துப் பெரிய சண்டை. போட்டோக்களைப் பார்த்தபோது எனக்கே மனசு இரண்டாகத்தான் இருந்தது. லிஃப்ட்டுக்கு ஒரு கும்பிடு. அந்தக் கான்கிரீட்டின் அகலத்தில் பாதி போதாதா? எனக்கு 25 இன்ச்தானே? நான் கேட்பதெல்லாம் வைத்து எடுக்கிற பலகை, திறந்திருக்கிற கழிப்பறை, வண்டி நிற்காத சாய்தளம். இதில் எதற்கும் ராஜராஜன் கட்டிய ஒரு கல்லையும் தொட வேண்டியதில்லை.

கூட்டம் நகர்ந்தது. எல்லோரும் அண்ணாந்தே போனார்கள். நான் நேரே பார்த்தேன். விமானத்தின் அடித்தளம் முழுக்க எழுத்து. வரிசை வரிசையாக, பட்டையாக ஓடி, மூலை திரும்பி, அடுத்த பக்கமும் ஓடுகிறது. நிற்கிறவர்கள் குனிந்தால்தான் தெரியும் கீழ்வரிசைகள் என் முகத்துக்கு ஒரு முழத் தூரத்தில் இருந்தன. சோழர் காலத் தமிழ் எழுத்து. பெரும்பாலும் புள்ளியே வைக்கவில்லை. ஒற்றா, உயிர்மெய்யா என்று நாம்தான் ஊகிக்க வேண்டும். உளி இறங்கிய பள்ளத்தில் தூசு படிந்து, வெளிச்சம் பக்கவாட்டில் படும்போது மட்டும் ஒரு எழுத்து எழுந்து வரும், கொஞ்சம் நகர்ந்தால் அமுங்கிவிடும். சேரை அரை அடி முன்னே, அரை அடி பின்னே உருட்டி உருட்டிப் பார்த்தேன். இதற்குச் சேரைவிட நல்ல வாகனம் இல்லை. ம தெரிந்தது. ட தெரிந்தது. ஒரு மணி நேரத்தில் ஒரு வரி முழுசாக வரவில்லை.

நல்லவேளை, கல்வெட்டுப் பாடத்தை அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தோம். விளக்கு ஒன்றுக்குத் தொண்ணூற்றாறு ஆடு, அதற்குத் தினம் உழக்கு நெய். கோயிலில் ஆடிய தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரின் பெயர், அவர்கள் எந்தத் தெரு, தெருவில் எந்தச் சிறகு, அதாவது எந்த வரிசை, எத்தனையாவது வீடு என்பதோடு. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் வீட்டு நம்பரோடு முகவரி எழுதிய ஊரில், கழிப்பறை எந்தப் பக்கம் என்று இரண்டு பேரைக் கேட்க வேண்டியிருந்ததைச் சொன்னால் குறை சொல்வது மாதிரி இருக்கும்.

தங்கை தரையில் என் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, ராஜராஜனின் உத்தரவைச் சத்தமாக வாசித்தாள். பாதியில் நிறுத்தி, என் முழங்காலில் தட்டினாள். "இங்க பாரு, அக்கா!" அவள் சொன்னது என்னை அல்ல, அக்கன் என்று எழுதியிருந்த ராஜராஜனின் அக்கா குந்தவையை.

சாயங்காலம் விடுதியிலிருந்து அப்பாவுக்குப் போன் போட்டோம். எண்பத்திரண்டு வயது, இப்போது அவருக்கும் வாக்கர்.

"உள்ள போனியா?" என்றார்.

"இல்லப்பா."

"நான் வந்திருந்தா..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

"வெளியவே மூணு மணி நேரம் இருந்தோம்பா. விமானத்துக்கு அடியில கல்வெட்டு இருக்கு இல்ல, அதைப் பார்த்துட்டு இருந்தோம்."

"அடியிலயா? நான் உன்னைத் தூக்கிட்டு நேரா ஏறிடுவேன். என்ன எழுதியிருக்கு?"

தாளை விளக்குக்குக் கீழே பிடித்து வாசித்தேன். "நாம் குடுத்தனவும், அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும், மற்றும் குடுத்தார் குடுத்தனவும், ஸ்ரீவிமானத்திலே கல்லிலே வெட்டுக."

அந்தப் பக்கம் டிவி சத்தம் நின்றது. அப்பா அதை அணைத்திருக்க வேண்டும்.

"மெதுவா, இன்னொரு தரம் படி" என்றார்.